பெரிய நன்னியின் அகவை: ஒரு கொடிவழி ஆய்வு

முன்னுரை

மன்னர்தம் மரபு கூறும் மெய்க்கீர்த்திகள் கல்லில் நிலைபெற்றன. உமறுப் புலவர் தம் சீறாப்புராணத்துள் தலைமுறைப் படலம் என ஒரு படலமே அமைத்து, ஆதம் நபி தொட்டு அண்ணல் நபி வரை வந்த வழியினை விரித்துரைத்தார். டாக்டர் உ.வே. சாமிநாதையர் தம் வரலாற்றை எழுதப் புகுந்தபோது தம் ஊரையும் முன்னோரையும் கூறிய பின்னரே தம்மைப் பற்றிக் கூறத் தொடங்கினார். இவ்வாறு பெரியோர் மரபுகள் எழுத்தில் வாழ, ஏர் பிடித்தும் ஆடு மேய்த்தும் வாழ்ந்த எளிய குடிகளின் வரலாறு பாட்டிமார் நாவிலேயே தங்கிற்று. அந்நா அடங்கும்போது அவ்வரலாறும் உடன் அடங்குகிறது.

அங்ஙனம் அடங்கவிருந்த ஒரு வரலாற்றை, அடங்குதற்குச் சற்று முன்னர் யாம் எட்டிப் பிடித்த முயற்சியே இக்கட்டுரை. இது எம் சொந்தக் குடும்பத்தைப் பற்றியது. ஆயினும் ஆய்ந்த முறை எல்லார்க்கும் பொதுவாதலின் மாணவர்க்குப் பயன்படும் என்னும் எண்ணத்தால் இம்மலரில் எழுதத் துணிந்தோம். குடும்பத்தாரின் விருப்பத்திற்கிணங்க ஆட்பெயரும் ஊர்ப்பெயரும் ஈண்டுக் குறிக்கப்பெறவில்லை.

கல்லில் பொறிக்க ஒரு வாசகம்

எம் பாட்டனாரைப் பெற்ற தாயாரை ஊரார் அனைவரும் 'பெரிய நன்னி' என்றே அழைத்தனர். பாட்டியை நன்னி என்பது எம் பகுதி முசுலிம்களின் வழக்கு. பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1985இல் பிரிந்த சிவகங்கை மாவட்டத்தில், ஒரு கண்மாய்க் கரையை அடுத்த சிற்றூரே அவர் பிறந்து, மணந்து, மறைந்த ஊர். தாது வருடப் பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர் என்றும், நூற்றுப்பத்து ஆண்டுகள் வாழ்ந்தவர் என்றும் அவரைப் பற்றி எம் உறவினர் பெருமையுடன் கூறுவர். எம் இளம்பருவத்தில், திண்ணையில் அமர்ந்து வெற்றிலை இடித்த அவ்வுருவத்தின் மங்கலான நினைவு எமக்கும் உண்டு.

2010ஆம் ஆண்டில் எம் குடும்பத்தார் ஒன்றுகூடி, பெரிய நன்னியின் நினைவாகப் பள்ளிவாசல் அருகே ஒரு குடிநீர்த் தொட்டி கட்டுவித்தனர். அதில் பதிக்கவேண்டிய கல்லுக்கு வாசகம் எழுதித் தரும் பணி, தமிழ் கற்பிப்பவர் என்னும் காரணத்தால் எம்மிடம் வந்தது. 'நூற்றுப்பத்து ஆண்டுகள் வாழ்ந்தவர்' என எழுதப் புகுந்தபோது எழுதுகோல் நின்றது. வாய்மொழியாகக் கூறும் ஒன்றைப் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம். கல்லில் வெட்டியதைத் திருத்துதல் அரிது. மேலும் அவர்தம் இயற்பெயர் யாதென வினவியபோது, கூடியிருந்த இருபது பேருள் ஒருவராலும் விடை கூற இயலவில்லை. அகவை நூற்றுப்பத்து என உறுதியாக உரைத்த அவை, பெயரைக் கேட்டதும் வாய்மூடியது. இவ்விரு வினாக்களே எம் ஆய்வின் தோற்றுவாய்.

கேள்வியும் அதன் வழியும்

ஹதீஸ் கலை வல்லார் ஒரு செய்தியை ஏற்குமுன் அதனை உரைத்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவ்விருவரும் ஒரே காலத்தவரா, தம்முள் சந்தித்தனரா என ஒவ்வொரு கண்ணியையும் ஆராய்வர். இவ்வறிவிப்பாளர் தொடரை இஸ்னாத் என்பர். குடும்ப வரலாற்றை ஆய்வார்க்கும் இதனினும் சிறந்த முறை வேறில்லை எனலாம். செய்தி இனிமையாக உள்ளது என்பதாலோ, கூறியவர் முதியவர் என்பதாலோ அது சான்றாகிவிடாது. அவர் கண்டதைக் கூறினாரா, கேட்டதைக் கூறினாரா என்பதே முதற்கண் நோக்கற்பாலது.

இம்முறைப்படி உறவினர் பதினால்வரைத் தனித்தனியே கண்டு வினவினோம். 'பஞ்சத்தைக் கண்டவர்' என்று பதினால்வருமே கூறினர். அவருள் பதின்மூவர் அதனைப் பிறர்வாய்க் கேட்டவர். பெரிய நன்னியின் வாயிலாகவே நேரிற் கேட்டவர் ஒருவர்தாம். அவர் எம் பாட்டனாரின் தங்கையார்; பெரிய நன்னியின் கடைசி மகள். அவரை யாம் 'சின்ன நன்னி' என்போம். பதினான்கு சான்றுகள் உள்ளன எனத் தோன்றிய இடத்தில் உண்மையில் இருந்தது ஒன்றே. அவ்வொன்றைப் பின்னர்க் காண்போம்.

ஆண்டுக் கணக்கு இருவகை

முதியோர் அகவையைக் கணக்கிடுவார் முதலில் அறியவேண்டுவது, எந்த ஆண்டால் கணக்கிடுகிறோம் என்பது. ஹிஜ்ரி ஆண்டு பிறைவழி வருவது. ஏறத்தாழ 354 நாள் கொண்டது. கதிர்வழி ஆண்டு 365 நாள் கொண்டது. ஆகவே கதிர் ஆண்டு 32 கழியும்போது பிறை ஆண்டு 33 நிறைந்துவிடும். ஒருவர் ஹிஜ்ரிக் கணக்கில் நூறு நிறைந்தவர் எனின், ஆங்கில நாட்காட்டியின்படி அவர்க்கு அகவை 97 மட்டுமே. நம் சமுதாயத்து முதியோர் பலர் தம் அகவையை நோன்புகளின் எண்ணிக்கை கொண்டு கூறுவர் என்பதால் இவ்வேறுபாட்டைப் புறக்கணித்தல் ஆகாது.

இரண்டாவது, தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுகட்கு ஒருமுறை மீண்டும் வருவன. தாது ஆண்டு 1876-77இல் வந்தது. பின்னர் 1936-37இலும் 1996-97இலும் வந்தது. ஆண்டின் பெயரை மட்டும் கொண்டு காலத்தை உறுதி செய்தல் இயலாது. அதனோடு ஒரு நிகழ்ச்சியும் இணைந்திருத்தல் வேண்டும். தாது வருடத்தோடு இணைந்த நிகழ்ச்சி, சென்னை மாகாணத்தைச் சூறையாடிப் பல இலட்சம் உயிர்களைக் கொண்ட 1876-78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சமாகும். சிவகங்கைச் சமத்தானப் புலவர் வில்லியப்ப பிள்ளை இப்பஞ்சத்தைப் பொருளாகக் கொண்டே பஞ்சலட்சணத் திருமுக விலாசம் என்னும் நூலைப் பாடினார் என்பது எம் பகுதியில் அப்பஞ்சம் பதித்த வடுவுக்குச் சான்று.

மூன்றாவது, எழுதப்படிக்க அறியாதார் காலத்தை நிகழ்ச்சிகளால் அளந்தனர். வால்வெள்ளி தோன்றிய ஆண்டு, எம்டன் கப்பல் சென்னையில் குண்டு வீசிய ஆண்டு, கொள்ளைக் காய்ச்சல் வந்த ஆண்டு, இரங்கூனிலிருந்து நடந்து வந்த ஆண்டு, தனுசுக்கோடி அழிந்த ஆண்டு என அவர்க்கு ஒரு வாய்மொழி நாட்காட்டி இருந்தது. இவற்றை முறையே 1910, 1914, 1918, 1942, 1964 என ஆண்டுகளாக மாற்றிக்கொள்ளுதல் ஆய்வாளர் கடன்.

எழுத்துச் சான்றுகள்

பெரிய நன்னி மறைந்த நாளை அவர் அடக்கத்தலத்து மீசான் கல் கூறுகிறது. கல் சிதைந்திருப்பினும் ஹிஜ்ரி 1404 ரஜப் என்னும் குறிப்பு தெளிவாகவே உள்ளது. அது 1984 ஏப்ரல் திங்களுக்கு ஒப்பாகும். பஞ்சத்தில் பிறந்தார் எனக் கொள்ளின் அவர்க்கு அப்போது அகவை ஏறத்தாழ 108. ஹிஜ்ரிக் கணக்கில் 111. உறவினர் கூறும் நூற்றுப்பத்து எவ்வாறு எழுந்தது என்பது இதனால் புலனாகிறது. அவர்தம் கணக்கில் பிழையில்லை. பிழை உளதேல் அது தொடங்கிய இடத்திலேயே இருத்தல் வேண்டும்.

அடுத்து ஊர் ஜமாஅத்தின் பழைய நிக்காஹ் பதிவேட்டைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. ஓரங்கள் செல்லரித்த அவ்வேடு அறபுத்தமிழில் இருந்தது. தமிழ்ச் சொற்களை, தமிழுக்கே உரிய ஒலிகட்கெனச் சில எழுத்துகளைச் சேர்த்து, அரபு வரிவடிவில் எழுதும் முறையே அறபுத்தமிழ். ஒரு காலத்தில் நம் பெண்டிர் கடிதம் எழுதவும் நூல் பயிலவும் வழங்கிய எழுத்து அது. தமிழில் ஆய்வுப் பட்டம் பெற்றிருந்தும் எம் முன்னோர் எழுதிய தமிழை எம்மால் படிக்க இயலவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். பக்கத்து ஊரில் எண்பது கடந்த ஓர் ஆலிம் பெருந்தகை அதனைக் கையில் வாங்கி, செய்தித்தாள் படிப்பார் போலப் படித்துக் காட்டினார். ஹிஜ்ரி 1321, அதாவது 1903ஐ ஒட்டிய ஆண்டு. எம் பூட்டனார் பெயர், அவர் தந்தை பெயர், மஹர் தொகை, சாட்சிகள் இருவர். மணமகள் தந்தை பெயர். இறுதியில் மணமகள் பெயர். ஊரே மறந்துவிட்ட பெரிய நன்னியின் இயற்பெயரை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டோம்.

மூன்றாம் சான்று, கிராம முன்சீப்பின் பிறப்புப் பதிவேட்டின் படியில் கிடைத்தது. சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கென 1899இல் ஒரு சட்டம் இயற்றப்பெற்றது. பரம்பரைக் கிராம அலுவலர் முறை 1980இல் நீங்கிக் கிராம நிருவாக அலுவலர் முறை வந்தபோது, பழைய ஏடுகள் பல இடம் மாறின. எஞ்சியவற்றுள் ஒன்றில் 1930ஆம் ஆண்டுப் பதிவாகச் சின்ன நன்னியின் பிறப்புக் காணப்பெறுகிறது. பெரிய நன்னி பஞ்சத்தில் பிறந்தவராயின் இம்மகளைப் பெறும்போது அவர்க்கு அகவை 54. மணம் முடித்தபோது 27. அக்காலச் சிற்றூர் வழக்கிற்குப் பின்னது ஒவ்வாது. முன்னது இயற்கைக்கே ஒவ்வாது.

நான்காம் சான்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் படி எடுத்த ஓர் ஒற்றிப் பத்திரம். 1932இல் கணவரை இழந்த பெரிய நன்னி, கடனைத் தீர்க்கும்பொருட்டு 1934இல் புன்செய் நிலத்தை ஒற்றி வைத்தார். அதில் 'சுமார் 45 வயது' எனக் குறிக்கப்பெற்றுள்ளது. ஐந்திலும் பத்திலும் முடியுமாறு அகவை கூறுதல் அக்கால வழக்காதலின் இதனை நுட்பமான எண்ணாகக் கொள்ளலாகாது. ஆயினும் 58 அகவையினரை எழுத்தர் 45 என எழுதியிரார். பூப்பெய்திய மறு ஆண்டில் தமக்கு மணம் நிகழ்ந்ததாக அவரே கூறியுள்ளார். எனவே 1903இல் அவர்க்கு அகவை 14 முதல் 16 வரை எனக் கொள்ளலாம். இடுப்பில் பிள்ளையோடு சுபுஹு வேளையில் கிழக்கே வால்வெள்ளி கண்டதாகவும் அவர் கூறுவாராம். 1882இலும் ஒரு பெரும் வால்வெள்ளி விடியற்போதில் கிழக்கே தோன்றியது உண்மையே. ஆயினும் இடுப்பில் இருந்த பிள்ளை 1909இல் பிறந்த இரண்டாம் மகவு என்பதால், அவர் கண்டது 1910ஆம் ஆண்டு மே திங்களில் தோன்றிய ஆலி வால்வெள்ளியே என்பது தெளிவு.

இந்நான்கினையும் ஒருங்கு நோக்கின் பெரிய நன்னி 1887க்கும் 1889க்கும் இடையே, சர்வசித்து, சர்வதாரி, விரோதி ஆகிய மூன்று ஆண்டுகளுள் ஒன்றில் பிறந்தவர் என்பது பெறப்படும். மறைந்தபோது அவர்க்கு அகவை 94 முதல் 97 வரை இருக்கலாம். ஹிஜ்ரிக் கணக்கில் 97 முதல் 100 வரை. நூறு என்பார்க்கு இடமுண்டு. நூற்றுப்பத்து என்பதற்கு இடமில்லை.

பஞ்சம் கண்டவர் யார்?

இம்முடிவைக் கூறியபோது உறவினர் சிலர் மனம் வருந்தினர். 'அப்படியாயின் கஞ்சித் தொட்டிக் கதையெல்லாம் பொய்யா?' என ஒரு பெரியவர் சினந்து வினவினார். நேர்மையான வினா அது. பெரிய நன்னி கூறிய பஞ்சக் கதையில் கற்றாழைக் கிழங்கு தோண்டித் தின்றதும், கஞ்சித் தொட்டியின் முன் வரிசையில் நின்றதும், பின்னே நின்ற தாய் காணாமற் போனதும் அத்துணைத் துல்லியமாக இருந்தன. பொய் கூறும் இயல்பினரும் அவர் அல்லர்.

இந்நிலையில்தான் சின்ன நன்னியிடம் மீண்டும் சென்றோம். முன்னர் 'பெரிய நன்னி பஞ்சத்தைப் பற்றி என்ன கூறினார்?' என்று மட்டும் கேட்டிருந்தோம். இம்முறை, 'தாம் கண்டதாகக் கூறினாரா, பிறர் கண்டதாகக் கூறினாரா?' எனக் கேட்டோம். அவர் சற்றும் தயங்கவில்லை.

"அது அம்மா கண்டதில்லை அத்தா. அம்மாவைப் பெத்தவுக கண்டது. அவுகதான் கஞ்சித் தொட்டிக்கு வந்த பிள்ளை. அவுக பேரைத்தான் எனக்கு வச்சிருக்கு" என்றார்.

இத்தனை ஆண்டும் இதனைக் கூறாதது ஏன் என வினவ, "யாரும் கேக்கலையே" என்றார்.

அவ்வொரு விடையில் பொய்த்துப்போனதாகக் கருதிய கதை மெய்யாயிற்று. பஞ்சத்தைக் கண்டவர் பெரிய நன்னியின் தாயார். எட்டு அல்லது பத்து அகவைச் சிறுமியாக எங்கிருந்தோ நடந்து வந்து, கஞ்சித் தொட்டியருகே தாயைத் தொலைத்து, எம் ஊர் வீடு ஒன்றில் எடுத்து வளர்க்கப்பெற்று, அவ்வூரிலேயே மணம் முடிக்கப்பெற்றவர். தாய் கூறிய கதையை மகள் தன்மையில் வைத்துக் கூறினார். மகள் கூறியதைப் பேரன்மார் அவர்தம் வாழ்வாகவே கொண்டனர். இரு பெண்களின் வாழ்வு ஒரு பெண்ணின் வாழ்வாகச் சுருங்கிற்று. மிகுதியாகக் கூறப்பெற்ற ஆண்டுகள் எவர் புனைவும் அல்ல. அவை தாயின் ஆண்டுகள். மகளின் அகவையைக் குறைத்தபோது, அதனுள் மறைந்திருந்த தாய் வெளிப்பட்டார்.

இவ்வாறு தலைமுறைகள் ஒன்றனுள் ஒன்று மறைதல் எம் குடும்பத்திற்கே உரியதன்று. இங்கிலாந்தின் உழவுத் தொழிலாளி தாமசு பார் என்பவர் 152 ஆண்டுகள் வாழ்ந்ததாக நம்பப்பெற்று, 1635இல் மறைந்தபின் வெசுட்மின்சுடர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். நாட்டார் வழக்காற்றியல் பயிலும் நம் மாணவர் வில்லியம் தாமசை அறிவர். 1846இல் 'ஃபோக்லோர்' என்னும் சொல்லை ஆக்கியவர் அவரே. அவரே 1873இல் நீள்வாழ்வு பற்றி ஒரு நூல் எழுதி, பார் போன்றோரின் அகவைக்கு நம்பத்தக்க சான்றில்லை எனக் காட்டினார். பாட்டனாரைப் பற்றிய பதிவு பேரன்மேல் ஏறியிருக்கலாம் என்பது தாமசு பாரைப் பற்றிப் பிற்காலத்தார் கூறும் கருத்துகளுள் ஒன்று. சான்றுகளால் நிறுவப்பெற்ற மிக நீண்ட வாழ்வு, பிரான்சு நாட்டில் 1875இல் பிறந்து 1997இல் மறைந்த சான் கல்மான் என்னும் அம்மையாருடையது. அவர் வாழ்ந்தது 122 ஆண்டும் 164 நாளும்.

நம் மொழியிலோ இம்மயக்கத்திற்கான காரணமும் அதனை நீக்கும் வழியும் ஒரே சொல்லில் அமைந்துள்ளன. பாட்டன் பெயரைத் தாங்குவோன் பெயரன். அச்சொல்லே பேரன் ஆயிற்று. பாட்டி பெயரைத் தாங்குவாள் பெயர்த்தி. ஒரே பெயர் தலைமுறை தாண்டி வருவதால் ஏடுகளில் இருவர் ஒருவராகத் தோன்றுவர். அதே வழக்கால், மறந்துபோன பாட்டியின் பெயர் பேத்தியிடம் உயிரோடு இருக்கும். பஞ்சத்துச் சிறுமியின் பெயரை எவ்வேட்டிலும் யாம் காணவில்லை. அது எம் கண்முன்னே, சின்ன நன்னியின் பெயராக, எண்பது ஆண்டுகள் வாழ்ந்திருந்தது.

பெயர் மறைந்த பெண்டிர்

பெரிய நன்னியைக் குறிக்கும் எழுத்துச் சான்றுகளைத் தொகுத்தபோது ஓர் உண்மை உள்ளத்தை உறுத்திற்று. பிறப்பேட்டில் தாயைக் குறிக்கும் இடத்தில் அவர் 'மேற்படியார் மனைவி'. ஒற்றிப் பத்திரத்தில் 'காலஞ்சென்ற இன்னாரின் மனைவி'. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் சமீன் முறை ஒழிந்தபின் எழுந்த நிலக் கணக்கிலும் அவ்வாறே. கணவரின் நிலத்தை ஒற்றி வைத்தவரும் அவரே. ஆடு வளர்த்தும் மிளகாய் பயிரிட்டும் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து 1946இல் அதனை மீட்டவரும் அவரே. மீட்புப் பத்திரத்தில் அவர்தம் இடக்கைப் பெருவிரல் ரேகை தெளிவாகப் பதிந்துள்ளது. ரேகை உண்டு, பெயர் இல்லை. அவர் பெயரை முழுமையாகத் தாங்கிய ஒரே ஏடு நிக்காஹ் பதிவேடுதான். பெண்ணின் இசைவின்றி மணம் நிறைவுறாது என்னும் நெறியே அங்கு அவர் பெயரைக் காத்தது போலும்.

இது நாடு தழுவிய நிலை. விடுதலை பெற்ற இந்தியாவின் முதற் பொதுத்தேர்தல் 1951-52இல் நிகழ்ந்தபோது, தம் பெயரைக் கூறாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டும் பதிந்துகொண்ட காரணத்தால் ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பதிவுகள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பெற்றன. அவருள் பெரும்பாலோர் வடபுலத்தார். கொடிவழி எழுதுவோர் ஆண்வழியை மட்டும் வரைவராயின், அப்பட்டியலிலிருந்து அவரை மீண்டும் ஒருமுறை நீக்குபவர் ஆவர்.

நீண்ட வாழ்வு நல்கியது யாது?

கம்பும் கேழ்வரகும் உண்டதனால் பெரிய நன்னி நெடிது வாழ்ந்தார் என்பர் உறவினர். அதே கம்பும் கேழ்வரகும் உண்ட அவர்தம் மக்கள் ஒன்பதின்மருள் நால்வரே வளர்ந்தனர். 1918ஆம் ஆண்டுக் காய்ச்சலில் ஒரே கிழமையில் இருவரை இழந்தார். எனவே உணவு ஒன்றையே காரணமாகக் கூறுதல் பொருந்தாது. ஆண்டு பல கடந்தும் நரை தோன்றாமைக்குக் காரணம் கூறும் பிசிராந்தையார், புறநானூற்று 191ஆம் பாடலில் உணவையோ மருந்தையோ குறிப்பிடவில்லை. இல்லத்தையும் ஊரையுமே குறிப்பிடுகிறார். பெரிய நன்னியின் வாழ்வுக்கும் அவ்விளக்கம் ஓரளவு பொருந்தும். இறுதி ஆண்டுவரை பேறு பார்க்கவும், பூசல் தீர்க்கவும், பெண் கேட்டு வந்தார்க்கு விடை கூறவும் ஊரார் அவரை நாடினர். வேண்டப்பட்டவராகவே வாழ்ந்து முடிந்தார்.

அவர்க்கும் ஆறாத துயர் ஒன்றுண்டு. 1906இல் பிறந்த மூத்த மகன் இரங்கூன் சென்று அங்கே குடும்பமும் அமைத்தார். 1941 திசம்பரில் இரங்கூன்மீது குண்டுகள் வீழ்ந்தன. 1942 மார்ச்சில் நகரம் சப்பானியர் வசமாயிற்று. பல இலட்சம் இந்தியர் கால்நடையாகவும் கப்பல் வழியாகவும் தாயகம் திரும்பினர். அவர் திரும்பவில்லை; கடிதமும் வரவில்லை. அதன்பின் நாற்பது ஆண்டுகள், தபால்காரர் தெருவில் நுழைந்தால் பெரிய நன்னி திண்ணைக்கு வந்துவிடுவாராம்.

விடுபட்ட கிளை

அவ்விரங்கூன் கிளையைப் பற்றி அறிந்திருந்தவர் எம் குடும்பத்தில் ஒருவரே. பெரிய நன்னியின் மூத்த பேரர். அறபுத்தமிழில் வந்த பழைய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் அவரிடம் இருந்தன. 2019இல் அவரைக் கண்டபோது, 'கடிதங்களை ஆற அமர இருந்து பார்ப்போம். விடுமுறையில் வருக' என்றார். யாமும் இசைந்தோம். தேர்வுப் பணி, விடைத்தாள் திருத்தம் எனக் காலம் தள்ளினோம். பின்னர்ப் பெருந்தொற்று வந்தது. 2021 மே திங்களில் அவர் இறைவனடி சேர்ந்தார். பெட்டியைத் திறந்தபோது கடிதங்களைக் கறையான் அரித்திருந்தது. முகவரி எழுதிய ஓர் உறைகூட எஞ்சவில்லை. அறபுத்தமிழைப் படித்துக் காட்டிய ஆலிம் பெருந்தகையும் அதற்கு முன்னரே மறைந்துவிட்டார். சின்ன நன்னி 2014இலேயே மறைந்தார். எம் கொடிவழிப் படத்தில் மூத்த மகனின் பெயருக்குக் கீழ் உள்ள இடம் வெற்றிடமாகவே உள்ளது. அதனை வெற்றிடமாக விட்டவர் சப்பானியர் மட்டுமல்லர். யாமும் அதற்குப் பொறுப்பாவோம்.

மாணவர்க்குச் சில குறிப்புகள்

இவ்வாய்வில் யாம் கற்றவற்றை மாணவர் நலன் கருதித் தொகுத்துரைக்கின்றோம். முதலில் இல்லத்து முதியோரிடம் செல்க. நூலகமும் அலுவலகமும் காத்திருக்கும், முதியோர் காத்திரார். அகவை யாதெனக் கேளாது, அந்நிகழ்ச்சியின்போது இடுப்பில் இருந்த பிள்ளை எது, அடுப்பில் இருந்தது எது எனக் கேட்க. கண்டதையும் கேட்டதையும் பிரித்து எழுதுக. ஹிஜ்ரி, தமிழ், ஆங்கில ஆண்டுகளை ஒப்பிட்டுக்கொள்க. நிக்காஹ் பதிவேடு, மீசான் கல், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பிறப்பு இறப்பு ஏடு, பத்திரங்கள் ஆகியவற்றுள் இரண்டேனும் ஒத்துக்கூறும் செய்தியையே துணிக. பெண்வழியையும் எழுதுக. இயலுவோர் அறபுத்தமிழ் எழுத்தைக் கற்க. முயன்றால் சில திங்களில் கைவரும். அதனை அறியாமல் நம் இல்லத்துப் பெட்டிகளில் உறங்கும் தமிழை நாம் படிக்க இயலாது.

நிறைவுரை

பஞ்சத்தில் வந்த அச்சிறுமி எவ்வூரினர், பெற்றோர் யாவர், எக்குடியில் பிறந்தவர் என்பதை அறிதற்கு வழியில்லை. கொடிவழி அவரோடு நின்றுவிடுகிறது. இதனை எழுதலாகாது எனக் குடும்பத்தில் ஒருவர் தடுத்தார். குலப்பெருமைக்கு இழுக்கு நேரும் என அஞ்சினார். முன்னர்ச் சினந்து வினவிய அப்பெரியவரே அதற்கு விடை கூறினார்: "பசிச்சு வந்த பிள்ளைக்குக் கஞ்சி ஊத்தி வளத்த வீடு நம்ம வீடுன்னு எழுது. அதுக்கு மேல என்ன பெருமை வேணும்?" அதன்பின் எவரும் மறுக்கவில்லை.

குடிநீர்த் தொட்டியில் பதித்த கல்லில் அகவை குறிக்கப்பெறவில்லை. பெரிய நன்னியின் இயற்பெயரும், அவர் தந்தை பெயரும், தாய் பெயரும், மறைந்த நாளும் மட்டுமே உள்ளன. கல்லைப் பதித்த அன்று சின்ன நன்னியும் வந்திருந்தார். எழுத்தறியாத அவர்க்கு வாசகத்தைப் படித்துக் காட்டினோம். தாயின் தாய் பெயர் வந்த இடத்தில், தம்மை யாரோ அழைத்தது போல் அவர் நிமிர்ந்து பார்த்தார்.